கிளினிக் வாசலில் பிரார்த்தனை: சட்டம் எதைப் பார்க்கிறது?

கருக்கலைப்பு மையத்தின் முன் மௌனமாக நின்று பிரார்த்தித்ததற்காக அமெரிக்காவில் ஒருவர் தண்டிக்கப்பட்டதாகப் படித்தீர்கள். சமய சுதந்திரத்தை அவ்வளவு உயர்த்திப் பேசும் நாட்டில் அது எப்படி நடக்கும், ஒரு கிளினிக்கின் வாசல் வழிபாட்டு உரிமையைவிடப் பெரிதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, செவிலியர் வேலைக்காக இங்கிலாந்து செல்லவிருக்கும் உங்கள் தங்கை, தன் நம்பிக்கைக்கு விரோதமாகக் கருக்கலைப்பில் ஈடுபடக் கட்டாயப்படுத்தப்படுவாரா என்பதையும் இறுதியில் சேர்த்திருக்கிறீர்கள். அரசமைப்புச் சட்டத்தைப் பல ஆண்டுகள் சட்டக் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அந்த நாடுகளின் நீதிமன்றங்களில் நான் வாதாடியதில்லை. ஆகையால் சட்டங்களும் தீர்ப்புகளும் சொல்வதை உறுதியாகச் சொல்ல முடியும், அங்குள்ள காவல் நிலையங்களின் அன்றாட நடைமுறைக்கு என்னால் சாட்சி சொல்ல முடியாது.

முதலில் செய்தியைச் சரிசெய்துகொள்வோம். நீங்கள் படித்தது அநேகமாக அமெரிக்காவில் நடந்ததன்று. 2025 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் எடுத்துச் சொன்ன பிரிட்டன் வழக்கு. 2022 நவம்பரில் போர்ன்மவுத் நகரில், முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் கருக்கலைப்பு மையத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்று மௌனமாகப் பிரார்த்தித்தார். அந்த மையத்தைச் சுற்றி நகராட்சி பிறப்பித்திருந்த பொது இட ஒழுங்கு ஆணை, கருக்கலைப்பை ஆதரித்தோ எதிர்த்தோ செய்யப்படும் செயல்களைத் தடுத்தது. அவற்றுள் ஒன்றாகப் பிரார்த்தனையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அங்கிருந்து செல்லுமாறு அதிகாரிகள் நெடுநேரம் கேட்டும் அவர் மறுத்துவிட்டார். 2024 அக்டோபரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறை இல்லை, இரண்டு ஆண்டு நிபந்தனை விடுவிப்பும் (அந்தக் காலத்தில் வேறு குற்றம் செய்யாவிட்டால் தண்டனை இல்லை என்பது பொருள்), வழக்குச் செலவாக 9,000 பவுண்டும். மௌனப் பிரார்த்தனைக்குத் தண்டனை என்று ஒரு வரியில் சொன்னால் அது முழுப் பொய்யாகாது, ஆனால் ஆணையை மீறி அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தது என்ற பாதி விடுபட்டுப்போகும். அந்த ஆணை நியாயமானதா என்பது வேறு கேள்வி. ஒருவர் மனத்துக்குள் என்ன நினைக்கிறார் என்பதைக் கேட்டறிந்துதான் குற்றமா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டும் என்றால், அப்படிப்பட்ட ஆணை எனக்கு உவப்பானதில்லை.

அமெரிக்காவின் கதை வேறு, அது வன்முறையில் தொடங்குகிறது. 1980-களின் பிற்பகுதியில் கருக்கலைப்பை எதிர்க்கும் 'ஆபரேஷன் ரெஸ்க்யூ' போன்ற அமைப்புகள் கிளினிக் வாசல்களில் கூட்டமாக அமர்ந்து வழிமறிக்கும் போராட்டங்களை நடத்தின. 1991 கோடையில் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் ஆயிரக்கணக்கில் கைதுகள் நடந்தன. இவற்றைத் தடுக்க, கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை ஒடுக்குவதற்காக 1871-இல் இயற்றப்பட்ட பழைய சட்டத்தைக் கிளினிக்குகள் துணைக்கு அழைத்தன. அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று 1993 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டே மாதங்களில், மார்ச் மாதம், புளோரிடாவின் பென்சகோலாவில் டேவிட் கன் என்ற மருத்துவர் கிளினிக்குக்கு வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் விளைவாக 1994 மே மாதம் அதிபர் கிளின்டன் கையொப்பமிட்டு வந்ததுதான் கிளினிக் நுழைவாயில் சுதந்திரச் சட்டம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபேஸ்' என்பார்கள்.

அந்தச் சட்டத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் உங்கள் கேள்விக்கான பாதி விடை அதிலேயே இருக்கிறது. பலப்பிரயோகம், பலப்பிரயோக மிரட்டல், உடலால் வழிமறித்தல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கையாண்டு, இனப்பெருக்க மருத்துவ சேவை பெறுபவரையோ அளிப்பவரையோ வேண்டுமென்றே காயப்படுத்துவது, அச்சுறுத்துவது, குறுக்கிடுவது குற்றம். வழிமறித்தல் என்றால் உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாமல் செய்வது, அல்லது அதை நியாயமற்ற அளவுக்குக் கடினமாகவோ ஆபத்தாகவோ ஆக்குவது. அமைதியான மறியல் உட்பட, பேச்சுரிமைக்கும் சமய உரிமைக்கும் உறுதியளிக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் காக்கும் எந்தக் கருத்து வெளிப்பாட்டையும் இந்தச் சட்டம் தடைசெய்யவில்லை என்று சட்டத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே நடைபாதையில் ஓரமாக நின்று ஜெபமாலை உருட்டுகிறவரை இந்தச் சட்டம் தொடாது. அதே மனிதர் கதவின் குறுக்கே படுத்தால் தொடும். வன்முறையற்ற வழிமறிப்புக்கு முதல் தடவை அதிகபட்சம் ஆறு மாதச் சிறையும் 10,000 டாலர் அபராதமும். சில வழக்குகளில் பல ஆண்டுச் சிறை கிடைத்ததற்குக் காரணம், உரிமைகளுக்கு எதிரான கூட்டுச்சதி என்ற வேறொரு சட்டப்பிரிவையும் அரசுத் தரப்பு சேர்த்துக்கொண்டது. 2020-இல் வாஷிங்டன் நகரில் நடந்த கிளினிக் முற்றுகை வழக்கு அப்படிப்பட்டது.

பலரும் கவனிக்காத இன்னொரு பகுதி அதில் உண்டு. அதே சட்டம், அதே சொற்களில், வழிபாட்டுத் தலத்தில் தன் சமய உரிமையைப் பயன்படுத்தும் ஒருவரை வழிமறிப்பதையும் மிரட்டுவதையும் குற்றமாக்குகிறது. கிளினிக்கின் வாசலும் தேவாலயத்தின் வாசலும் ஒரே சட்டத்தின் இரு உட்பிரிவுகள். 'இனப்பெருக்க மருத்துவ சேவை' என்பதில் கர்ப்பகால ஆலோசனையும் அடங்குவதால், கருக்கலைப்பை எதிர்க்கும் கிறிஸ்தவ ஆலோசனை மையங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. 2022-இல் புளோரிடாவில் அத்தகைய மையங்களின் சுவர்களில் மிரட்டல் வாசகங்களை எழுதியவர்கள்மீது இந்தச் சட்டத்தின்கீழ்தான் வழக்கு வந்தது. சட்டம் இருபுறமும் பொருந்தினாலும், அதை எங்கே பயன்படுத்துவது என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறுகிறது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் இச்சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்ட 23 பேருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். கிளினிக் தொடர்பான வழக்குகளை அசாதாரணச் சூழ்நிலைகளில் மட்டும் தொடுக்குமாறு, அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கும் நீதித்துறை அமைச்சகம் அறிவுறுத்தப்பட்டது. அதே ஆண்டில் நியூ ஜெர்சியில் யூத வழிபாட்டுத் தலம் ஒன்றின் வாசலில் நடந்த போராட்டத்துக்கு எதிராக அதே துறை அதே சட்டத்தைக் கையில் எடுத்தது.

சமய சுதந்திர வாதம் இந்தச் சட்டத்துக்கு எதிராக வைக்கப்படவில்லையா என்றால், வைக்கப்பட்டது, தோற்றது. காரணத்தை அறிய 1990-ஆம் ஆண்டின் ஒரேகான் வழக்குக்குப் போக வேண்டும். பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபையைச் சேர்ந்த இருவர் சடங்கில் பெயோட்டே என்ற போதைதரும் கள்ளியை உட்கொண்டதால் வேலை இழந்தார்கள். வேலையிழப்பு உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எந்தச் சமயத்தையும் குறிவைக்காமல் எல்லோருக்கும் பொதுவாகப் பொருந்தும் சட்டம் ஒருவரின் சமய வழக்கத்தைத் தற்செயலாகப் பாதித்தால், அதற்காக விலக்கு அளிக்க அரசு கடமைப்பட்டதில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதில் அதிருப்தியடைந்த நாடாளுமன்றம் 1993-இல் சமய சுதந்திர மீட்புச் சட்டத்தை இயற்றியது. சமய வழக்கத்தின்மீது கணிசமான சுமையை ஏற்ற வேண்டுமானால் அரசுக்குக் கட்டாயமான காரணம் இருக்க வேண்டும், அதை நிறைவேற்ற மிகக் குறைந்த கட்டுப்பாடுள்ள வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கடுமையான அளவுகோலைக் கொண்டும் ஃபேஸ் சட்டத்தை வீழ்த்த முடியவில்லை. கருக்கலைப்பு பாவம் என்று நம்பவும், பேசவும், பிரார்த்திக்கவும் தடையில்லை. பலப்பிரயோகமும் மிரட்டலும் வழிமறிப்பும் மட்டுமே தடுக்கப்படுகின்றன என்று 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன.

சமய நம்பிக்கையால் கிளினிக் வாசலில் நிற்பவர்கள் பெற்ற பெரிய வெற்றிகள் வேறு வழியில், பேச்சுரிமையின் பெயரில், வந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்ளைனில் 1994 டிசம்பரில் இரண்டு கிளினிக்குகளில் வரவேற்பாளர்களாக இருந்த இரு பெண்கள் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த நினைவு மாறாத மாநிலம், 2007-இல் கிளினிக் வாசலைச் சுற்றி 35 அடிக்குள் ஊழியர், நோயாளி, வழிப்போக்கர் தவிர யாரும் நிற்கக் கூடாது என்று சட்டம் செய்தது. நடைபாதையில் வண்ணக் கோடு போட்டு எல்லையைக் காட்டினார்கள். எலினார் மெக்கல்லன் என்ற எழுபது வயது கடந்த பெண்மணி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் கோஷம் போடுகிறவர் அல்லர். வருகிற பெண்ணின் அருகே சென்று, தாழ்ந்த குரலில், உதவி வேண்டுமா என்று கேட்பவர். 35 அடிக்கு அப்பால் நின்று அதைச் சொல்ல வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும்; உயர்த்தினால் அவரும் கூச்சல் போடுகிற கூட்டத்தோடு சேர்ந்துவிடுவார். 2014 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். வழிமறிப்பதுதான் சிக்கல் என்றால் வழிமறிப்பவரைத் தண்டியுங்கள், பேச வருகிறவரை ஏன் துரத்துகிறீர்கள் என்பதே தீர்ப்பின் போக்கு. அந்தத் தீர்ப்பை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் அதன் நியாயம் எனக்குப் புலப்பட்டிருக்கிறது. அதே சமயம், பயந்து வரும் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால், தாழ்ந்த குரலில் பேசப்படும் சொல்லும் விரும்பாதவருக்குப் பாரந்தான் என்பதையும் மறுக்க முடியாது.

இதற்கு நேர்மாறாக, கொலராடோ மாநிலச் சட்டத்தை 2000-ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசலிலிருந்து 100 அடிக்குள், ஒருவரின் சம்மதமின்றி அவரை 8 அடிக்குள் நெருங்கித் துண்டுப் பிரசுரம் கொடுக்கவோ அறிவுரை சொல்லவோ கூடாது என்பது அந்தச் சட்டம். அந்தத் தீர்ப்பு இன்றும் பெயரளவில் உயிரோடிருக்கிறது. ஆனால் கருக்கலைப்புக்கான அரசமைப்பு உரிமையை நீக்கிய 2022-ஆம் ஆண்டு டாப்ஸ் தீர்ப்பு, கருக்கலைப்பு வழக்குகளால் பேச்சுரிமைக் கோட்பாடுகள் திரிந்துபோனதற்கு எடுத்துக்காட்டாக அதையே சுட்டியது. அதை மறுபரிசீலனை செய்யக் கோரிய மனுவை 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. ஏற்றிருக்க வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் பதிவுசெய்தார்கள். இது எவ்வளவு காலம் நிற்கும் என்பது ஐயத்துக்குரியது; யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கிளினிக்குகளை ஒழுங்குபடுத்துவது என்றவுடன் கருக்கலைப்பு செய்யும் இடங்களை மட்டுமே நினைக்கிறோம். டெக்சாஸ் 2013-இல் கருக்கலைப்பு செய்யும் மருத்துவர்களுக்கு 30 மைலுக்குள் உள்ள மருத்துவமனையில் தங்கள் நோயாளிகளைச் சேர்க்கும் உரிமை இருக்க வேண்டும் என்று விதித்ததும், அதை 2016-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் அந்த வகை. அங்கே வாதம் பெண்களின் உரிமையைப் பற்றியது, சமயம் பேசப்படவில்லை. டாப்ஸுக்குப் பின் அந்தத் தீர்ப்புக்கு இருந்த அடித்தளமும் போய்விட்டது. சமயம் நேரடியாக வருவது மறுபுறத்து மையங்களை ஒழுங்குபடுத்தும்போது. கலிபோர்னியா 2015-இல் இயற்றிய ஒரு சட்டம், பெரும்பாலும் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்தும் கர்ப்பகால மையங்களைக் குறித்தது. உரிமம் பெற்ற மையங்கள், கருக்கலைப்பு உட்பட அரசு உதவியுடன் கிடைக்கும் சேவைகளைப் பற்றி அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். உரிமமில்லாதவை, தாங்கள் உரிமம் பெற்ற மருத்துவ நிலையம் அல்ல என்று வாசலில் எழுதிப் போடுவதோடு விளம்பரங்களிலும் சொல்ல வேண்டும். 'உயிரைத் தேர்ந்தெடு' என்று இரண்டு சொல்லில் ஒரு விளம்பரப் பலகை வைத்தாலும், அதைச் சுற்றி 29 சொற்கள் கொண்ட அரசின் வாசகத்தை எழுத வேண்டியிருக்கும் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. சில இடங்களில் அறிவிப்பை 13 மொழிகள் வரை தர வேண்டியிருந்தது. 2018-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் மையங்களின் பக்கம் தீர்ப்பு வந்தது, அதுவும் பேச்சுரிமையின் பெயரில். சமய உரிமை பற்றிய கேள்வியைத் தீர்க்க நீதிமன்றத்துக்குத் தேவையே ஏற்படவில்லை.

சமய சுதந்திரம் தன் சொந்தப் பெயரிலேயே வெற்றி கண்ட இடம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். இண்டியானா மாநிலம் 2022 ஆகஸ்டில் சில விதிவிலக்குகள் தவிரக் கருக்கலைப்பைத் தடைசெய்தது; அனுமதிக்கப்பட்டவற்றையும் மருத்துவமனைகளிலும் அவற்றுக்குச் சொந்தமான அறுவை மையங்களிலும் மட்டுமே செய்யலாம் என்று சொல்லித் தனிக் கிளினிக்குகளின் உரிமத்தை முடித்துவைத்தது. யூதர்களின் அமைப்பு ஒன்றும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். யூதச் சமயச் சட்டத்தின் தொன்மையான தொகுப்பான மிஷ்னா, பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் அவள் உயிரே முந்தியது என்கிறது. அந்த மரபில் நின்று, மாநிலச் சட்டம் அனுமதிக்காத சில நிலைகளிலும் கருக்கலைப்பு தங்களுக்குச் சமயக் கடமையாகலாம் என்று வாதிட்டார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது, 2015-இல் அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்த மைக் பென்ஸ் கையொப்பமிட்ட மாநில சமய சுதந்திர மீட்புச் சட்டம். பழமைவாத கிறிஸ்தவர்கள் முன்னின்று கொண்டுவந்த சட்டம் அது. மாநிலமே சோதனைக் குழாய்க் கருத்தரிப்புக்கும் வேறு சிலவற்றுக்கும் விலக்கு அளித்திருக்கும்போது, இவர்களின் நம்பிக்கைக்கு மட்டும் விலக்கு இல்லை என்பது எப்படிக் கட்டாயமான காரணமாகும் என்று கேட்டு, 2024 ஏப்ரலில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்காடிகள் தரப்புக்கு இடைக்காலப் பாதுகாப்பை உறுதிசெய்தது. சமய சுதந்திரம் ஒரு தரப்பின் சொத்து என்று நினைத்து உங்கள் கேள்வி அமைந்திருந்தால், அந்த நினைப்பைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். அதே வாதம் எல்லா மாநிலங்களிலும் எடுபடும் என்று கொள்ளவும் வேண்டாம். அத்தகைய சட்டம் எல்லா மாநிலங்களிலும் இல்லை.

பிரிட்டனுக்குத் திரும்பினால், இப்போது நகராட்சி ஆணைகளைவிட முக்கியமானது 2023-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளினிக்கிலிருந்து 150 மீட்டருக்குள், கருக்கலைப்பு பற்றிய ஒருவரின் முடிவின்மீது செல்வாக்குச் செலுத்துவதும், தடுப்பதும், துன்புறுத்துவதும் குற்றம். தண்டனை அபராதம் மட்டுமே. வேண்டுமென்றே செய்தாலும் விளைவைப் பொருட்படுத்தாமல் செய்தாலும் குற்றந்தான். பிரார்த்தனை என்ற சொல் இதில் இல்லை. வழிபாட்டுத் தலத்துக்குள் இருப்பவர்களிடையே நடப்பதற்கு விலக்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் எல்லை 200 மீட்டர். வட அயர்லாந்துக்கான இதுபோன்ற மசோதாவை 2022 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் சமய, பேச்சு, ஒன்றுகூடும் உரிமைகள் கட்டுப்படுத்தப்படுகின்றன என்பதை ஒப்புக்கொண்டே, அந்தக் கட்டுப்பாடு அளவுக்கு மீறியதல்ல என்று ஏழு நீதிபதிகளும் ஒருமித்து முடிவுசெய்தது. அமெரிக்கா 35 அடியை ரத்து செய்திருக்க, பிரிட்டன் 150 மீட்டரை ஏற்றதற்குக் காரணம் இந்த அமைப்பு வேறுபாடு: உரிமையையும் அதற்கான வரம்பையும் உடன்படிக்கை ஒரே மூச்சில் சொல்கிறது. நம் அரசமைப்பின் 25-ஆம் பிரிவும் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. அமெரிக்க முதல் திருத்தத்தில் அப்படி ஒரு 'உட்பட்டு' கிடையாது. இருந்தும், வெறுமனே மௌனமாக நிற்பது 9-ஆம் பிரிவின்கீழ் குற்றமாகுமா என்பது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது. இந்த இடத்தில் பிரிட்டிஷ் சட்டம் இன்னும் தெளியவில்லை.

உங்கள் தங்கையைப் பற்றிய கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. 1967-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மனச்சான்றின் காரணமாக அதில் பங்கேற்க மறுக்கும் உரிமையைத் தருகிறது. தாயின் உயிரைக் காக்கவோ பெரும் நிரந்தரப் பாதிப்பைத் தடுக்கவோ தேவைப்படும் சிகிச்சைக்கு மட்டும் அந்த மறுப்பு செல்லாது. 'பங்கேற்பது' என்றால் என்ன என்பதை, கிளாஸ்கோவில் பிரசவப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர்களாக இருந்த இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகளின் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. கருக்கலைப்பு சிகிச்சையில் தன் கையால் உதவுவதை மறுக்கலாம்; மற்றச் செவிலியருக்குப் பணி ஒதுக்குவது, மேற்பார்வை செய்வது, வார்டை நிர்வகிப்பது ஆகியவற்றை இந்தப் பிரிவின் பெயரில் மறுக்க முடியாது. செவிலியர் மன்றத்தின் நடத்தை நெறிகளின்படி, மறுப்பு இருப்பவர் அதை மேலாளரிடமும் சக ஊழியர்களிடமும் சிகிச்சை பெறுபவரிடமும் சொல்லி, வேறு தகுதியுள்ளவர் பொறுப்பேற்க ஏற்பாடு செய்ய வேண்டும். சொல்லாமல் விலகிப்போவது தவறு. பொது வார்டிலோ முதியோர் பராமரிப்பிலோ வேலை என்றால் இந்தக் கேள்வியே எழாமல் போகலாம். மகளிர் மருத்துவப் பிரிவு என்றால், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்பே எந்தப் பணிகள் தன் பொறுப்பில் வரும் என்று எழுத்துமூலம் கேட்டு, தன் மறுப்பையும் எழுத்திலேயே தெரிவித்துவிடச் சொல்லுங்கள்.